பலவேசத்தின் கல்யாணமும் முறிந்த போல்ட்டும்

ஆமாம்பட்டிக்காரர்கள் தங்கமான மனுஷர்கள். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன், கதை முடிகிறபோது நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது பாருங்கள். பொய் பேசமாட்டார்கள், அடுத்தவன் வேலியைத் தாண்டமாட்டார்கள், யார் எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் அப்படியே செய்வார்கள். அந்தக் கடைசிக் குணம்தான் கொஞ்சம் இடிக்கும். பஸ்ஸில் ‘படியில் நிற்காதீர்’ என்று எழுதியிருந்தால், படியில் காலே வைக்காமல் ஒரே தாவாகத் தாவி ஏறி முழங்காலைப் பெயர்த்துக்கொள்கிற ரகம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஆமாம்பட்டியில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சு செல்லாது. எதை முடிவெடுப்பதானாலும் ஜமுக்காளத்தை விரித்து, வட்டமாக உட்கார்ந்து, எல்லாரும் ‘ஆமாம்’ சொன்ன பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். ஒரு தடவை வைக்கோல் படப்பு தீப்பிடித்தபோதும் அப்படித்தான் செய்தார்கள். தண்ணீர் ஊற்றலாம் என்று ரொம்ப நல்ல முடிவுதான் எடுத்தார்கள். எழுந்து பார்த்தபோது ஊற்றுவதற்குப் படப்புதான் இல்லை.

அப்பேர்ப்பட்ட ஊரில் பலவேசத்துக்குக் கல்யாணம். வயது முப்பத்தெட்டு. அப்பா அம்மா இல்லாத பிள்ளை, அக்கா பேச்சியம்மாள்தான் வளர்த்து ஆளாக்கினாள். செம்மண்விளைக்குப் பெண் பார்க்கப் போனபோது, பூமயில் காப்பித் தம்ளரை நீட்டி, “சூடா இருக்கு, பாத்துக் குடிங்க” என்றாள். பலவேசம் கடைசிச் சொட்டு வரைக்கும் காப்பியையே பார்த்துக் குடித்தான். பெண்ணை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பலவேசத்தின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான், ஜமுக்காளம்கூட விரிக்காமல்.

சித்திரையில் முகூர்த்தம் வைத்தார்கள். “மண்டபத்து வாசல்ல வந்து நில்லுங்க, மேளத்தோட வந்து அழைச்சிட்டுப் போறோம்” என்று பூமயிலின் அப்பா மாசானமுத்து சொல்லியிருந்தார். இவர்களும் வாசலில் வந்து நின்றார்கள். மேளக்காரர்கள் வந்த வண்டி வழியில் படுத்துவிட்டது. “வாங்க, வாங்க” என்று பெண்வீட்டார் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். “மேளம் வரட்டும்” என்று பலவேசத்தின் தாய்மாமன் சொரிமுத்து வாசல் நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மேளம் வந்தபோது முகூர்த்தம் போய் ராகுகாலம் வந்திருந்தது.

மாசானமுத்து கொதித்துப் போனார். பூமயில்தான் அப்பாவோடு மல்லுக்கட்டி, சோறு தண்ணி இறங்காமல் கிடந்து, ஆவணியில் இன்னொரு நாள் குறிக்க வைத்தாள்.

“இதான் கடைசி” என்று மாசானமுத்து ஆள்காட்டி விரலை ஆட்டினார். “மேளம் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, பத்தரைக்குள்ள மாப்பிள்ளை மணவறையில உக்காந்திருக்கணும். இல்லேன்னா எம்பொண்ணுக்கு வேற இடம் பாத்துக்கிடுதேன். அந்த வழுக்கை டயர் வேன்ல என் பொண்ண ஏத்தவும் மாட்டேன், சொல்லிட்டேன்.”

வேன் அக்கா புருஷன் கொம்பையாவுடையது. அதன் டயர்கள் உள்ளங்கை மாதிரி வழுவழுவென்று இருந்தது உண்மைதான். ஆகவே கல்யாணத்தன்று விடியற்காலையில், பட்டு வேட்டியும் சந்தனமுமாக மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு, முதல் வேலையாக டவுனில் அந்தோணியின் டயர் கடைக்கு முன்னால் போய் நின்றார்கள். ஊர்ச்சனம் முந்தின நாளே பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டது. வேனில் இருந்தது ஐந்தே பேர்: பலவேசம், அக்கா, கொம்பையா, தாய்மாமன் சொரிமுத்து, அப்புறம் யோசனைக்குப் பேர்போன சித்தப்பா பூல்பாண்டி.

நாலு சக்கரத்துக்கும் புது டயர் போட்டாயிற்று. அந்தோணி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை முடுக்கிருங்க. புதுசா மாட்டினது எதுவா இருந்தாலும் அப்படித்தான், ஓட ஓடக் கொஞ்சம் இளகும். இனிமே முடுக்க முடியாதுங்கிற வரைக்கும் முடுக்கிரணும்.”

“எதுவா இருந்தாலுமா?” என்று சொரிமுத்து கேட்டார்.

“எதுவா இருந்தாலும்.”

சொரிமுத்து அதை மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. ஐம்பதைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்று கொம்பையா மீட்டரையே பார்த்து ஓட்டினான். சாலையைப் பார்க்க ஆள் வேண்டுமே, அதைச் சொரிமுத்து ஏற்றுக்கொண்டார். “மாடு நிக்கி... மாடு போயிட்டு... வளைவு வருது, ஒடி... இன்னும் கொஞ்சம் ஒடி... ஐயையோ, ரொம்ப ஒடிச்சிட்டே” என்று வழி நெடுக ஒப்பித்துக்கொண்டே வந்தார். பின்னால் பலவேசம் மாலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் குலசாமியைக் கும்பிட்டபடி வந்தான்.

“அம்பது!” என்று கத்திக்கொண்டு கொம்பையா பிரேக்கை மிதித்தான்.

நின்ற இடம் ரயில்வே கேட். கேட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. தண்டவாளத்துக்கு மேலேயே.

கேட்கீப்பர் கொடியும் கையுமாக ஓடிவந்தார். “யோவ், எடுய்யா வண்டிய! பாசஞ்சர் வார நேரம்!”

“அம்பது இங்கனதான் ஆச்சு” என்று சொரிமுத்து மீட்டரைக் காட்டினார். “நாங்க என்ன செய்ய முடியும்? முடுக்கிட்டுப் போயிருதோம். பாசஞ்சர்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிவையும்.”

இதற்குள் பூல்பாண்டி தண்டவாளத்தின் நடுவில் ஜமுக்காளத்தை விரித்து, ஓரத்துச் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். கேட்கீப்பர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “என் கண்ணு முன்னால நிக்காதீங்கய்யா, புண்ணியமாப் போவும்!” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அது தெளிவாக இருந்தது. உடனே ஜமுக்காளத்தைச் சுருட்டினார்கள். வேனைத் தள்ளிக்கொண்டுபோய், கேட்கீப்பரின் கண்ணுக்குத் தெரியாதபடி அவருடைய அறைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். பாசஞ்சர் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று.

மணி எட்டு. செம்மண்விளைக்கு இன்னும் அரை மணி நேர ஓட்டம்தான். பலவேசத்துக்கு நம்பிக்கையாகத்தான் இருந்தது.

கொம்பையா வீல் ஸ்பேனரை எடுத்து முன்சக்கரத்தின் முதல் போல்ட்டில் மாட்டி முடுக்கினான். அது நகரவில்லை. “இனிமே முடுக்க முடியாது மாமா” என்றான்.

“உன்னால முடியல. முடுக்கவே முடியாதுன்னு ஆயிட்டா?” என்றார் சொரிமுத்து.

பெரிய கேள்விதான். ஜமுக்காளம் விரிந்தது. பூல்பாண்டி தாடையைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் மரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஒருத்தரால முடியலேன்னா அது அவரோட பலவீனம். எல்லாராலயும் முடியலேன்னாத்தான் அது போல்ட்டோட பலம்.”

“ஆமாம்” என்றார்கள். பலவேசமும் “ஆமாம்” என்றான். பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது.

கொம்பையா ஸ்பேனரைப் பிடித்துக்கொள்ள, சொரிமுத்து அதன் நுனியில் ஏறி நின்றார். நகரவில்லை. பூல்பாண்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். லேசாக நகர்ந்தது. “பாத்தியா, இன்னும் முடுக்கலாம்!” என்று சொரிமுத்துவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அக்காவும் சேலையைச் செருகிக்கொண்டு ஒரு கை பிடித்தாள். பலவேசம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலேயிருந்து அழுத்தினான்.

டக்.

மாப்பிள்ளை மேல் மாமன், மாமன் மேல் சித்தப்பா, எல்லாருக்கும் மேல் அக்கா என்று குவியலாக விழுந்தார்கள். ஸ்பேனருக்குள் நட்டும், அதோடு முறிந்த போல்ட்டின் பாதியும் இருந்தது. மீதிப் பாதி சக்கரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. சொரிமுத்து புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து, குனிந்து, உற்றுப் பார்த்தார்.

“அந்தோணி கெட்டிக்காரருதான்வே. இனிமே இதை முடுக்கவே முடியாது” என்றார். “சரி, அடுத்த போல்ட்டுல மாட்டு.”

பலவேசம் குறுக்கே வந்து ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டான். “மாமா, ஒரு வார்த்தை அந்தோணிகிட்டக் கேட்டுக்கிடுவோமே” என்று போனை எடுத்துவிட்டான்.

போனில் அந்தோணி போட்ட சத்தம் வேப்பமரத்துக் காக்கையைக் கிளப்பிவிட்டது. “முறிச்சிட்டீங்களா? அஞ்சு பேரு ஏறி மிதிக்க யாருவே சொன்னா? கையால முடுக்குனா போதும்வே, கையால! சரி, சரி, அழாதீங்க மாப்பிள்ளை. ஒரு சக்கரத்துக்கு நாலு போல்ட் இருந்தாப் போதும், செம்மண்விளை வரைக்கும் ஒண்ணும் ஆவாது. ரொம்ப மெதுவாப் போங்க. ஏதாவது சத்தம் வருதான்னு காதைக் குடுத்துக்கிட்டே போங்க. அங்க மெக்கானிக் இருப்பான், புது போல்ட் போட்டுக்கிடலாம்.”

அப்பாடா என்று பலவேசம் வண்டியில் ஏறப்போனான். “உக்காரு மருமவனே” என்றார் சொரிமுத்து. அவர் ஏற்கெனவே ஜமுக்காளத்தில் இருந்தார். முகம் கறுத்திருந்தது.

“ஒரு சக்கரத்துக்கு நாலு போதும்னுட்டாரு. நல்லது. மத்த மூணு சக்கரத்துக்கும் அஞ்சு அஞ்சு இருக்கே. அதுக்கு என்ன சொல்லுதீங்க?”

“இருந்துட்டுப் போவட்டும் மாமா” என்றாள் அக்கா.

“இருந்துட்டுப் போவட்டுமா? உன் கல்யாணத்துல எனக்கு என்ன துண்டு போட்டாங்க பேச்சி?”

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் கல்யாணத்தில் மற்ற மாமன்மாருக்கெல்லாம் அகலக் கரைத் துண்டு போட்டு, சொரிமுத்துவுக்கு மட்டும் கரை ஒரு விரற்கடை குறைந்துபோயிற்று. அன்றையிலிருந்து அவர் கொம்பையா வீட்டில் சாப்பிடுவார், கை கழுவமாட்டார். எச்சில் கையோடு நாலு தெரு நடந்து தன் வீட்டில் போய்த்தான் கழுவுவார். மானஸ்தர்.

“நல்ல காரியத்துக்குப் போற வண்டி” என்றார் சொரிமுத்து. “கூடப் பிறந்த நாலு சக்கரத்துல ஒண்ணுக்குக் குறைச்சலாச் செஞ்சிட்டு, அது பேசாம வரும்னு நினைக்காதீங்க. நடுரோட்டுல முறுக்கிக்கிட்டு நிக்கும். எனக்குத் தெரியும் அந்த வலி.”

அக்கா மூக்கை உறிஞ்சினாள். “ஆமாம்” என்றார்கள். பலவேசம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஆமாம் சொல்லாவிட்டால் எழுந்திருக்க முடியாது. சொன்னான்.

மற்ற மூன்று சக்கரங்களிலும் ஒவ்வொரு நட்டைக் கழற்றினார்கள். கழற்றிய மூன்றும் தொலைந்துவிடக் கூடாதே என்று அக்கா அவற்றைத் தாலித் தட்டில் மஞ்சளுக்கும் வெற்றிலைக்கும் நடுவில் பத்திரமாக வைத்தாள்.

அடுத்து, ரொம்ப மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? நடக்கிறதைவிட மெதுவாக என்று பூல்பாண்டி சொன்னார். அளவுக்கு ஆள் வேண்டுமே, அக்கா வேனுக்கு முன்னால் நடப்பது, வேன் அவளைத் தாண்டக் கூடாது என்று ஏற்பாடு. அவள் காலில் கல்யாணத்துக்கு வாங்கின புதுச் செருப்பு, இரண்டு குதிகாலையும் கடித்தது. அவள் நொண்ட நொண்ட வேனும் நொண்டியது. காதைக் கொடுக்கிற வேலை பூல்பாண்டிக்கு. அவர் சக்கரத்தை ஒட்டிக் குனிந்து, காதை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்துவந்தார்.

“சத்தம் வருது!” என்று கத்தினார். “டொக்கு டொக்குங்குது!”

வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். நின்ற வண்டியில் சத்தம் இல்லை. நகர்ந்தால் வந்தது. மூன்று தடவை நிறுத்தி, மூன்று தடவை சக்கரத்தைத் தடவிக்கொடுத்த பிறகு, சீர்த்தட்டில் இருந்து உருண்டுபோய் சீட்டுக்கடியில் கிடந்த தேங்காயைப் பலவேசம் கண்டுபிடித்தான். சொரிமுத்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இனி சத்தம் போடப்படாது” என்று அதனிடமும் சொல்லிவைத்தார்.

ஒரு கிழட்டு ஆடு பின்னாலிருந்து வந்து, வேனைத் தாண்டி, அக்காவையும் தாண்டிப் போயிற்று. கேட்கீப்பர் தேநீர் குடிக்க வெளியே வந்தவர், அவர்களைப் பார்த்துத் தம்ளரைக் கீழே வைத்தார். “யோவ், என் கண்ணு முன்னால நிக்காதீங்கன்னு சொன்னேன்லா?” என்று கத்தினார்.

“நிக்கலியே! போய்க்கிட்டிருக்கோம்!” என்று சொரிமுத்துவும் பதிலுக்குக் கத்தினார்.

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. பலவேசத்துக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. ஓர் ஆட்டோ எதிரே காலியாக வந்தது. அதில் தாவி ஏறிவிட்டால் முகூர்த்தத்துக்குப் போய்விடலாம். ஆனால் “நலங்கு வச்ச மாப்பிள்ளை தனியா எங்கயும் போவக்கூடாது” என்று அக்கா நேற்றே சொல்லியிருந்தாளே. ஒரு காலைக் கீழே வைத்தான். ஆட்டோ போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பூமயில்.

“எங்க இருக்கீங்க? அப்பா வாசல்லயே நிக்காங்க, கடிகாரத்தையே பாக்காங்க.”

பலவேசம் எல்லாவற்றையும் சொன்னான். டயர், தண்டவாளம், போல்ட், மூன்று நட்டு, அக்காவின் செருப்பு, ஆடு. “பூமயிலு, எனக்கு உன்னைத்தான் கட்டிக்கிடணும். வேற யாரும் வேண்டாம். ஆனா வந்து சேரமாட்டேன் போலிருக்கே” என்று விம்மி விம்மி அழுதான்.

“அழாதீங்க.”

உடனே நிறுத்திவிட்டான்.

பிறகு அவள் சொன்னாள்: “நீங்க வரவே வேண்டாம். அப்படியே நில்லுங்க. நான் வாரேன்.”

பலவேசம் அப்படியே நின்றான். அப்போது அவனுடைய ஒரு கால் ரோட்டில் இருந்தது, இன்னொரு கால் வேன் படியில் இருந்தது, போன் காதில் இருந்தது. எதையும் மாற்றவில்லை. வேன் நகர்ந்தால் மாப்பிள்ளை இரண்டாகப் பிளந்துவிடுவானே என்று கொம்பையாவும் வண்டியை நிறுத்தினான். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, தம்பியின் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

மணி பத்தாகப் போகிற நேரம், புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு மினி லாரி வந்தது. அதன் மேல் மணவறை இருந்தது. ஆமாம், மணவறையேதான். ஜிகினாத் தூண்களும் மேல்கட்டும் இரண்டு பக்கம் வாழைமரமுமாக ஆடி ஆடி வந்தது. ஐயர் ஓமகுண்டத்தை மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் ஒரு தூணை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். பின்னால் ஒரு மெக்கானிக் பெட்டியும் கையுமாகத் தொங்கிக்கொண்டு வந்தார். முன்சீட்டிலிருந்து கூறைப்புடவையோடு பூமயில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மாசானமுத்து இறங்கினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“பத்தரைக்குள்ள மாப்பிள்ளை மணவறையில உக்காந்திருக்கணும்னுதானப்பா சொன்னீங்க” என்றாள் பூமயில். “மணவறை எங்க இருக்கணும்னு சொல்லலியே.”

சொரிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மருமவனே, இந்தப் பொண்ணுக்கு விஷயம் தெரியுதுடே” என்றார். ஆமாம்பட்டியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கேட்கீப்பரின் அறைக்குப் பின்னால் வேப்பமரத்து நிழலில் மணவறையை இறக்கினார்கள். மேளம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வரவில்லை.

“வாடே, நேரமாவுது” என்று பூல்பாண்டி இழுத்தார்.

“நிக்கச் சொல்லியிருக்கா சித்தப்பா.”

பூமயிலே வந்தாள். படியில் இருந்த கால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. போன் இன்னும் காதில்தான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. “இவ்வளவு நேரமும் இப்படியேவா நின்னீங்க? உக்காருங்க” என்றாள்.

பலவேசம் ரோட்டிலேயே உட்கார்ந்தான்.

“இங்க இல்ல. மணவறையில.”

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்தது. எல்லாரும் பக்தியோடு தாலியையும் மூன்று நட்டுகளையும் தொட்டுக் கும்பிட்டார்கள். எந்த ஊர் வழக்கமோ என்று ஐயரும் நட்டுகளுக்கு இரண்டு பூவைப் போட்டுவைத்தார். இதற்குள் அடுத்த ரயிலுக்குக் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் நின்றுபோன வண்டிக்காரர்கள் எல்லாரும் இறங்கிவந்து அட்சதை வாங்கிக்கொண்டார்கள். மாசானமுத்து தன் மண்டபத்தில்கூட அவ்வளவு கூட்டத்தைப் பார்த்திருக்கமாட்டார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

கெட்டிமேளம் கொட்டியது. பலவேசம் தாலியை எடுத்தான். காதுக்குள் அந்த ‘டக்’ கேட்டுக்கொண்டே இருந்தது. முடிச்சைப் பூப்போலப் போட்டான், இறுக்கவே பயம். ரயில் கூவிக்கொண்டு போயிற்று. கேட்கீப்பர் ஒரு கையால் பச்சைக் கொடியைக் காட்டி, மறு கையால் அட்சதையைப் போட்டார். பலவேசத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவனால் நம்பவே முடியவில்லை. பூமயிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மறுபடியும் பூமயிலைப் பார்த்தான்.

மினி லாரியின் இரண்டாவது நடையில் சாப்பாட்டு அண்டாக்களும், மண்டபத்தில் பந்திக்குக் காத்துக்கிடந்த ஆமாம்பட்டி ஜனமும் வந்து சேர்ந்தார்கள். பந்தி நடக்கிறபோதே மெக்கானிக் முறிந்த துண்டைத் தட்டி எடுத்துவிட்டு, புது போல்ட்டை மாட்டி, தட்டில் இருந்த மூன்று நட்டையும் அதனதன் சக்கரத்தில் பூட்டினார். பூமயில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது புது போல்ட்” என்று மெக்கானிக் தொடங்கினார். “அம்பது கிலோமீட்டர்...”

“தெரியும்!” என்றார்கள் ஐந்து பேரும்.

“கையால முடுக்குனா போதும்” என்று முடித்தார் மெக்கானிக்.

சொரிமுத்துவின் முகம் மறுபடியும் கறுத்தது. ஒரு சக்கரத்துக்கு மட்டும் புது போல்ட்! ஜமுக்காளத்தைத் தேடிக் கையை நீட்டிவிட்டார். பூமயிலுக்கு அதற்குள் இவர்களின் போக்கு பிடிபட்டிருந்தது. சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து மற்ற மூன்று சக்கரங்களுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். அப்படியே அப்பாவின் தோளில் கிடந்த அகலக் கரைத் துண்டை உருவி, சொரிமுத்துவின் தோளில் போட்டாள். சொரிமுத்து கரையை விரலால் அளந்து பார்த்தார். அப்புறம் எழுந்துபோய், சாப்பிட்ட இடத்திலேயே கை கழுவினார். அக்கா அதைப் பார்த்து அழுதே விட்டாள்.

சாயங்காலம் பெண்ணை ஏற்றிக்கொண்டு வேன் வந்த வழியே திரும்பியது. ஊர்ச்சனம் பஸ்ஸுக்குப் போயிற்று. கொம்பையா மீட்டரைப் பார்த்து ஓட்டினான், சொரிமுத்து சாலையைப் பார்த்து ஒப்பித்தார், பலவேசம் பூமயிலைப் பார்த்துக்கொண்டே வந்தான். இந்தத் தடவை காப்பி கையில் இல்லை.

“அம்பது!” என்று கொம்பையா பிரேக்கை மிதித்தான்.

காலையில் எங்கிருந்து ஐம்பதை எண்ணத் தொடங்கினார்களோ அங்கேதான் வண்டி நின்றது. அந்தோணி ஒரு டயரை உருட்டிக்கொண்டு கடைக்குள்ளிருந்து வந்தார். “வாங்க, வாங்க! கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா? என்ன, போல்ட்டை முடுக்க நிறுத்தினீங்களா?”

“அது ஒரு பக்கம் இருக்கட்டும்” என்று சொரிமுத்து வீல் ஸ்பேனரோடு இறங்கி, பின்கதவைத் திறந்தார். பூல்பாண்டி கடை வாசலில் ஜமுக்காளத்தை விரித்து, ஓரத்துச் சுருக்கத்தை நீவிவிட்டார். புதுத் தம்பதி தவிர எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

“புதுசா மாட்டினது எதுவா இருந்தாலும் அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் முடுக்கணும்னு இவருதான் காலையில சொன்னாரு” என்றார் சொரிமுத்து. “நீ வேற முடிச்சைப் பயந்து பயந்து போட்டே, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இறங்கு மருமவனே. தாலிய முடுக்கு.”

“ஆமாம்” என்றான் கொம்பையா. “ஆமாம்” என்றார் பூல்பாண்டி. “ஆமாம்” என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தோணியின் கையிலிருந்த டயர் தன்பாட்டுக்கு ரோட்டைப் பார்க்க உருண்டுபோயிற்று. பலவேசம் இறங்கி ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான். அந்தப் பெரிய ஸ்பேனரைப் பார்த்தான், பூமயிலின் கழுத்தைப் பார்த்தான்.

பூமயில் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்து, ஜமுக்காளத்தில் தன் புருஷனுக்கு முன்னால் உட்கார்ந்து, பின்னலை முன்பக்கம் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

“ஆமாம்” என்றாள். “ஆனா ஸ்பேனர் வேண்டாம். கையால முடுக்குனா போதும்.”